வேலை, சிறு குழந்தைகள், வெளிநாட்டுப் பயணம்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் பணம் இல்லாமல் தள்ளிப்போவதில்லை. ஆற அமர உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லாமல்தான் தள்ளிப்போகிறது. காலையில் டிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றி, அலுவலகம் போய்த் திரும்பி, வீட்டுப்பாடம் பார்த்து, சின்னதைத் தூங்கவைத்து நிமிரும்போது மணி பத்தாகிவிடும். அதற்குமேல் விமானக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற தெம்பு யாருக்கு இருக்கும்? "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். முதல்முறையாக இந்த முயற்சியில் இறங்குகிற அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வேலைகளின் வரிசையைச் சரிசெய்துகொண்டால் வாரத்துக்கு ஒரு மணி நேரமே போதும். காசு கொடுத்தாலும் அவசரப்படுத்த முடியாத வேலைகள் மூன்று உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பாஸ்போர்ட், பெற்றோர் இருவரின் விடுப்பு. இவை முதலில் முடிய வேண்டும். டிக்கெட், விடுதி, நுழைவுக் கட்டணம் போன்றவை காசு கொடுத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும். அவை பின்னால் வரட்டும். சலுகை விலை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகு பாஸ்போர்ட்டுக்காக அரக்கப் பரக்க ஓடுகிற குடும்பங்களை எல்லோரும் பார்த்திருப்போம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் அந்த ஓட்டம் தேவைப்படாது.

பொறுப்பைப் பிரித்துக்கொள்வது

முதல் வாரம் எந்த இணையதளத்தையும் திறக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தைகள் தூங்குகிற நேரத்தில், யார் எதைப் பார்ப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுப் பொறுப்பாகப் பிரியுங்கள். ஒருவருக்கு ஆவணங்கள்: பாஸ்போர்ட், விசா, காப்பீடு. இன்னொருவருக்குப் பயணம்: டிக்கெட், விடுதி, பணம். ஒருவர் பொறுப்பில் இருப்பதை மற்றவர் தினமும் விசாரிக்கக் கூடாது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருவரும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. பையில் என்ன வைப்பது, எந்த மருந்து தீர்ந்துவிட்டது, எந்தச் சட்டை சின்னதாகிவிட்டது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலேயே அம்மாவின் தலையில் வந்து விழும். அலுவலக வேலையும் அதே தலையில்தான் இருக்கிறது. பெட்டி கட்டுவதையும் ஒரு பொறுப்பாகக் கணக்கில் எடுத்து, அதையும் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் இரவு வீட்டில் நடக்கிற சண்டைகளில் பாதி இதனால் வருபவை.

ஒரு நீளமான நோட்டுப் புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் கோப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றிதழ்களின் நகல்களும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்க வேண்டும். செல்பேசியில் இருவரும் பார்க்கக்கூடிய பொதுத் தொகுப்பு ஒன்றில் அவற்றின் படங்களையும் போட்டுவையுங்கள். அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளையில் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்றால், சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

பிறப்புச் சான்றிதழும் பெயரும்

கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கதி உண்டு. பிரசவத்துக்குப் புதுச்சேரிக்குப் போவது இங்கே வழக்கம். அப்படிப் பிறந்த குழந்தையின் பிறப்பு புதுச்சேரியில், அந்த மருத்துவமனை எந்த நகராட்சி எல்லையில் வருகிறதோ அங்கே பதிவாகியிருக்கும். ஜிப்மர் போன்றவை உழவர்கரை நகராட்சியில் வரும். வீடு கடலூரில் இருந்தாலும் விண்ணப்பத்தில் பிறந்த ஊர் புதுச்சேரி என்றுதான் எழுத வேண்டும். சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு. விண்ணப்பத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இது மாறிப்போனால் திருத்தத்துக்காக இன்னொரு நாள் விடுப்பு எடுக்க நேரிடும்.

சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்தவுடன் பெயர் இல்லாமல் பதிவு செய்து, பெயர் சூட்டிய பிறகு சேர்க்க மறந்துவிடுகிற வீடுகள் ஏராளம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு ஆவணங்களும் ஏற்கப்படுகின்றன.

அடுத்தது முன்னெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; பாஸ்போர்ட்டோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. முன்னெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். குழந்தையின் பெயரை முதல் கட்டத்திலும் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போடுவது நல்லது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் விமான டிக்கெட் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சிக்கல் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடே கொண்டுவந்தது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவருக்கும் ஒரே முறையில் எழுதுங்கள். ஆதாரிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குழந்தையின் பாஸ்போர்ட்

புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. கடலூரில் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. நாட்டின் எந்த மையத்தில் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், இருவரில் யாருடைய அலுவலகத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தியபின்தான் நேரம் ஒதுக்குவார்கள். சிறார்களுக்கான கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் புதிய பாஸ்போர்ட்டில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. அறுபது தாண்டியவர்களுக்கும் உண்டு.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சம்மதம் என்று பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவத்தின் பெயர் அனெக்ஸர் டி. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அப்படியானால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று உறுதிமொழியை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கே சில வாரங்கள் ஆகும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமலேயே வந்துவிடும். பெற்றோருக்கே இல்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் நேரம் வாங்குங்கள்.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மையத்தில் படம் எடுப்பதில்லை. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்டுடியோவில் புது இடம், பளிச்சென்ற விளக்கு, முன்பின் தெரியாத ஆள் என்று குழந்தை வீறிட்டு அழும். வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போய் அச்சிட்டு வாங்குவதுதான் எளிது. துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியைச் சன்னல் ஓரமாகத் தரையில் மடிப்பு இல்லாமல் விரியுங்கள். குளித்து, பால் குடித்து, தூக்கம் வருவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில் குழந்தையை அதில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். அடர்ந்த நிறச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை வேட்டியோடு கலந்துவிடும். நெற்றியில் வைத்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிடுங்கள். ஒருவர் நேர் மேலே செல்பேசியைப் பிடிக்க, இன்னொருவர் அதற்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை ஆட்டினால் குழந்தை நேராகப் பார்க்கும். நிழல் விழாமல், இரண்டு காதும் தெரிகிற மாதிரி, வாய் மூடியிருக்கிற படமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதே படத்தில் விசாவுக்கும் சேர்த்துச் சில பிரதிகள் போட்டுவைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் தங்கள் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். திரும்பி வருகிற நாளைக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துக்கொண்டால் எந்த நாட்டுக்கும் பயமில்லை.

விடுப்பும் காலமும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும், அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியிலும், கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்தும் வருகின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியதால் அங்கே கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. கடலூரில் அண்ணன் குடும்பம், புதுச்சேரியில் தங்கை குடும்பம் என்று சேர்ந்து போக நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் மே மாதம்தான் ஒத்துவரும்.

டிசம்பர் விடுமுறை ஆசை காட்டும். ஆனால் நம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது சென்னை விமான நிலையத்தையே மணிக்கணக்கில் மூடினார்கள். அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. கைக்குழந்தையோடு அந்தச் சாலையில் அகப்பட்டுக்கொள்கிற நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய, முந்தைய நாளே விமான நிலையத்துக்கு அருகில் போய்த் தங்க முடியும் என்றால் மட்டும் கிளம்புங்கள்; தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் அருமையான மாதங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; சிங்கப்பூரில் கடைகள் மூடியிருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும்.

விடுப்பைப் பற்றி மேலாளரிடம் சொல்ல டிக்கெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்தில், இத்தனை நாள் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் யாரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வது என்பதை அந்த ஆளிடமே நேரில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அரசு ஊழியர்களும் பொதுத்துறையில் இருப்பவர்களும் வெளிநாடு செல்லத் துறையின் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும். பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. எடுக்கிற விடுப்பில் கடைசி நாளை வீட்டில் இருப்பதற்கென்று ஒதுக்குங்கள். இரவு விமானத்தில் இறங்கி, நான்கு மணி நேரம் காரில் வந்து, மறுநாள் காலை அலுவலகம் போகிற திட்டத்தை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊர் பார்ப்பதில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

எங்கே போவது?

முதல் பயணத்துக்குப் பக்கத்து நாடே போதும். கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள், நேர வித்தியாசமே இல்லை. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். குழந்தையின் தூக்கம் ஒரு நாளில் சரியாகிவிடும்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. கடலூர்க்காரர்களுக்குச் சென்னையைவிட நாகை பக்கம் என்பதால் ஆசையாக இருக்கும். மழைக்காலத்தில் அது நின்றுவிடும், கடல் கொந்தளிப்பில் சின்னக் குழந்தைக்கு வாந்தி எடுக்கும். ஐந்து வயதுக்குமேல் உள்ள பிள்ளைகளோடு கோடையில் போகலாம்.

பிரான்ஸில் உறவினர் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை இல்லை. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விமான நேரம் நீளம் என்பதால் குழந்தைக்கு மூன்று வயதாவது ஆகட்டும் என்று சொல்வேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு சிங்கப்பூர். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையங்களில் பெயர்ப் பலகைகளைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையில், இட்லிக்கும் தயிர்ச்சோற்றுக்கும் குறைவில்லை. புது ருசிக்கு வாய் திறக்காத இரண்டு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நாடு முடிவானதும் ஒரு சோதனை செய்துபாருங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை பிள்ளையை நடக்கவிடுங்கள். எந்த இடத்தில் "தூக்கு" என்று கையை நீட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் அதைவிடக் குறைவாகத்தான் நடக்கும். தள்ளுவண்டி வேண்டுமா, ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு மாலையில் தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு விடை ஒன்றுதான்: காலையில் ஓரிடம், மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம், மாலையில் பக்கத்தில் ஒரு பூங்கா. மலேசியாவில் பத்துமலைக்குப் போக நினைப்பவர்கள் அங்கே 272 படிகள் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்

பாஸ்போர்ட் கையில், விடுப்பு உறுதி. இப்போது டிக்கெட் எடுக்கலாம். இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் வரலாம், கட்டணம் மிகக் குறைவு. இரண்டு நிரம்பினால் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். வயதைப் பயண நாளன்று கணக்கிடுவார்கள். போன நாட்டில் இருக்கும்போதே குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்கு முழு இருக்கை வேண்டும். கைக்குழந்தைக்குத் தொட்டில் வசதி சில விமானங்களில் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் டிக்கெட் எடுத்த அன்றே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சென்னையா, திருச்சியா என்பது நம் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. கடலூரிலிருந்து இரண்டுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமானது, கூட்டமும் சென்னையளவு இல்லை. விருத்தாசலம், நெய்வேலி, சிதம்பரம் பக்கத்துக்காரர்கள் திருச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து சென்னை எளிது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து கேளம்பாக்கம்-வண்டலூர் சாலையில் திரும்பிவிட்டால் நகருக்குள் நுழையாமலே மீனம்பாக்கம் போய்ச் சேரலாம்.

இரவு விமானத்தில் குழந்தை தூங்கிவிடும் என்று நினைத்துப் பலர் நள்ளிரவு டிக்கெட் எடுக்கிறார்கள். விமானத்தில் தூங்கலாம்தான், அதற்கு முன் தூங்குகிற நேரத்தில் எழுப்பி, குடியேற்றச் சோதனையிலும் பாதுகாப்புச் சோதனையிலும் வரிசையில் நிறுத்த வேண்டுமே! மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையோடு என்றால் முந்தைய நாள் விமான நிலையத்துக்கு அருகில் தங்கி, காலை விமானத்தைப் பிடிப்பது எவ்வளவோ மேல். அறை வாடகைக்கான பணத்தைத் தயங்காமல் செலவிடுங்கள்.

விசா

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்திருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகப் பயணத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கட்டணம் தனி. சிங்கப்பூருக்கும் வருகை அட்டை உண்டு, அது இலவசம். அதற்குப் பணம் கேட்கிற இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள். இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த நாடானாலும் கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனி அட்டை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் டிக்கெட் எடுக்கிற அன்று அந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்பாவோ அம்மாவோ தனியாகக் குழந்தையை அழைத்துப் போனால், வராதவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கைப்பையில் இருக்கட்டும்.

பணமும் காப்பீடும்

பயண நிறுவனத்தின் தொகுப்புப் பயணத்தை எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்து வாங்குவார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும்; வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். அதனால் வரி கட்டுகிறவரின் பெயரிலேயே பணத்தைச் செலுத்துங்கள். காப்பீட்டைக் குடும்பம் முழுவதற்கும் எடுங்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் காய்ச்சலுக்குக் காட்டினாலே நம் ஊர்க் கணக்கில் பெரும் தொகை ஆகிவிடும்.

பாட்டியையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். மதியம் குழந்தை தூங்கும்போது அவர் அறையில் இருப்பார், பெற்றோர் ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாம். பேரப்பிள்ளையோடு விமானத்தில் ஏறுகிற சந்தோஷம் அவருக்கும் கிடைக்கட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடலாம்.

பெட்டி

சத்துமாவு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஒரு சின்ன மின்சாரக் கெட்டில். இவை இருந்தால் குழந்தையின் சாப்பாடு பாதி தீர்ந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுவர்ச் செருகிகள் செவ்வக வடிவ மூன்று முனை கொண்டவை. அதற்கான மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல் பொருட்களில் கசகசாவைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள், ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படித்தான். குருமாவுக்கென்று வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கலாம். அம்மாவோ மாமியாரோ ஆசையாகக் கட்டிக்கொடுத்தால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுத்துவையுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் கொப்பரைத் தேங்காய்க்கு செக்-இன் பெட்டியில் இடமில்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் திரவம் 100 மில்லிக்குமேல் கூடாது என்றாலும், குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு.

மருந்து விஷயத்தில் குழந்தை மருத்துவரை ஒரு முறை நேரில் பாருங்கள். எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவு, உப்புச் சர்க்கரைக் கரைசல், வழக்கமான மருந்துகள் எல்லாவற்றையும் பொதுப் பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டில் எழுதி வாங்குங்கள். விமானத்தில் குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அது ஆபத்து. விமானம் இறங்கும்போது காது வலிக்கும். அப்போது பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு எதையாவது சப்பவோ உறிஞ்சவோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முழு மாற்றுடை கைப்பையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் ஒன்று. வாந்தி யார்மேல் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், அலுவலகத்தில்

பாதியில் நிற்கிற வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எது எந்த நிலையில் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், எது நீங்கள் வரும்வரை காத்திருக்கலாம். அதைப் பொறுப்பேற்பவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து படித்துக்காட்டுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே புதிய வேலை எதையும் கையில் எடுக்காதீர்கள். மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது. எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றால் குழந்தையின் மதியத் தூக்க நேரத்தில் மட்டும் திறப்பேன் என்று அலுவலகத்திடமும் வீட்டிலும் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் வகுப்பு ஆசிரியருக்கு விடுப்புக் கடிதம் கொடுப்பதும் இந்த வாரத்தில்தான்.

அங்கே போனபின்

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குக் காரில் சிறப்பு இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் அழைக்கிற தனியார் கார்களுக்கு இல்லை. அவசரத்தில் எது வந்தாலும் ஏறிவிடாமல் டாக்சி என்று தெளிவாகத் தேர்ந்தெடுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தை பெரியவர்களோடு இலவசமாக வரலாம். வீட்டிலேயே சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்துகொண்டு போனால் அங்கே குழப்பம் இருக்காது.

ஊர் திரும்பியதும் அழுக்குத் துணிக்கு முன்னால் ஆவணக் கோப்பைப் பிரித்து, பாஸ்போர்ட்டுகளை அவற்றின் இடத்தில் வையுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். கடைசி ஆறு மாதத்தில் பல நாடுகள் ஏற்காது. அந்த ஆறு மாதம் தொடங்குகிற தேதியைச் செல்பேசி நாட்காட்டியில் இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். மீதியிருக்கிற அந்த ஒரு விடுப்பு நாளில் குழந்தைகளோடு சேர்ந்து நீங்களும் மதியம் தூங்குங்கள்.